ஐந்தாவது ஆள் இல்லாத பாட்டு

என் மகள் ஓம் சொல்லும்போது மூச்சை உள்ளே இழுப்பாள்.

நோர்வேயில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளே, உங்களுக்கு இது புதினமாக இராது. உங்கள் ஆசிரியரும் அப்படித்தான் சொல்வார், கடையில் நிற்பவரும் அப்படித்தான் சொல்வார். நாங்கள் ஓம், ஆமாம் என்பதற்கு அவர்கள் சொல்லும் 'யா' என்ற சொல்லை வெளியே விடாமல், சூடான தேநீரை உறிஞ்சுவது போல உள்ளே இழுத்துக்கொள்வார்கள். எனக்கு அது பழகுவதற்கு வெகுகாலம் எடுத்தது. வந்த புதிதில், வேலை செய்த இடத்தில், ஒரு வயதான பெண்ணிடம் இந்தக் கதிரைகளை உள்ளே வைக்கட்டுமா என்று கேட்டேன். அவர் திடீரென்று மூச்சை இழுத்தார். நெஞ்சுவலி என்று நினைத்து ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். அவர் தண்ணீரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். பாவம், குடித்தார். கதிரைகள் வெளியிலேயே நின்றன.

நேரில் என்றால் பரவாயில்லை. முகம் தெரியும். தொலைபேசியில்தான் கஷ்டம். உள்ளே இழுத்த யா தொலைபேசிக்குள் வராது.

"சாப்பிட்டியோ பிள்ளை?"

ஒரு சத்தமும் இல்லை.

"ஹலோ? சாப்பிட்டியோ?"

"சொன்னனான்தானே அப்பா."

"எனக்குக் கேக்கேல்லை."

"நான் சொன்னனான்."

எங்கள் ஆட்களின் பழக்கம் வேறு. ஒருவர் கதைத்துக்கொண்டு போனால் மற்றவர் இடையிடையே ம் கொட்ட வேண்டும். "ஓம்… ஓம்… பிறகு?" இப்படி. கேட்பவர் ஒன்றும் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ம் கொட்டினால் போதும், கதைப்பவர் தன்பாட்டில் போய்க்கொண்டே இருப்பார். ம் நின்றால் கதையும் நின்றுவிடும். "லைனிலை நிக்கிறியோ?" என்று கேட்பார்கள். நான் என் மகளிடம் ஒவ்வொரு புதன்கிழமையும் பலதடவை அப்படிக் கேட்டிருக்கிறேன்.

ஏன் தொலைபேசியில் என்று நீங்கள் நினைப்பீர்கள். உங்களில் சிலருக்கும் இரண்டு வீடு இருக்கும், ஆகையால் ஒளிக்காமல் எழுதுகிறேன். நானும் அவளுடைய அம்மாவும் தனித்தனி வீட்டில் இருப்பது என்று முடிவெடுத்தோம். யாரும் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. அவளும் அம்மாவும் ஹவுகன்ஸ்டுவாவில் முந்தி இருந்த வீட்டிலேயே இருந்தார்கள். நான் கடைசி நிறுத்தமான வெஸ்ட்லிக்கு வந்தேன். ரி-பான என்ற சுரங்க ரயிலில் ஏறி நித்திரையாகிப் போனால்கூட வீடு தவறாது, அதற்கு அப்பால் தண்டவாளமே இல்லை. எட்டாம் மாடியில் ஒரு அறை, ஒரு குசினி. அறையின் ஒரு மூலையில் அவளுக்குக் கட்டில் போட்டு, முன்னால் திரை கட்டிவிட்டேன். ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை அவள் வந்து நிற்பதாகப் பேச்சு.

முதலில் வந்தாள். பிறகு பாடகர் குழுவில் சேர்ந்தாள். அதை அவள் 'கூர்' என்பாள். சனிக்கிழமைகளில்தான் கூர். "அடுத்த முறை வாறன் அப்பா" என்றாள். அடுத்த முறை கணக்குச் சோதனை. அதற்கடுத்த முறை யாரோ தோழிக்குப் பிறந்தநாள். எல்லாம் உண்மைதான், நான் சந்தேகப்படவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ஊரெல்லாம் வேலை இருக்கும். ஆனால் அந்தத் திரைக்குப் பின்னால் கட்டில் விரித்தபடியே இருந்தது. கடைசியில் அதன்மேல் கொடி கட்டி உடுப்புக் காயப்போடத் தொடங்கினேன்.

எங்கள் ஆட்களில் பெரியவர்கள் தொலைபேசி எடுப்பதும் மெல்ல மெல்லக் குறைந்தது. குடும்பம் பிரிந்த வீட்டுக்கு எடுத்து என்ன கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றால் "எப்பிடி, சுகமோ?" என்பார்கள். நான் சுகம் என்று சொல்வதற்குள் சட்டைப் பையிலிருந்து கார்த் திறப்பை எடுத்துவிடுவார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் எனக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. பிள்ளையின் சத்தம் வரவரக் குறைகிறது. ஒருநாள் முழுதாக நின்றுவிடுமோ என்பதே அது. பள்ளிக்கூடத்தில் குளிர்கால விடுமுறைக் கிழமை வருகிறதே, அப்போதாவது வந்து நிற்கச் சொல்லிக் கேட்போம் என்று நினைத்தேன்.

"விடுமுறைக்கு என்னட்டை வந்து நில்லன் பிள்ளை. முழுக் கிழமையும்."

"பாப்பம் அப்பா."

பாப்பம் என்றால் என்னவென்று நானும் என் பிள்ளையும் ஒரே வீட்டில்தான் படித்தோம். அவள் சின்னப்பிள்ளையாக இருந்து நாய்க்குட்டி கேட்டபோது நான் சொன்ன சொல் அது. நாய்க்குட்டி வரவேயில்லை.

இனிப் பாட்டுக்கு வருகிறேன்.

நான் வேலை செய்வது பழைய பொருள் கடையில். தாய் தகப்பன் இறந்தால், அல்லது பெரிய வீட்டை விற்றுச் சின்ன வீட்டுக்குப் போனால், சாமான்களைக் கொண்டுவந்து தருவார்கள். நாங்கள் துடைத்து, பிரித்து, வேலை செய்கிறதா என்று பார்த்து அடுக்குவோம். ஒருநாள் இசைத்தட்டுகளைப் பாடவைக்கும் பழைய பெட்டி ஒன்று வந்தது. அதற்கு இரண்டு பக்கமும் வைக்கிற இரண்டு ஸ்பீக்கர்ப் பெட்டிகள். ஒன்றில் மட்டும் சத்தம் வந்தது. மற்றதை நானும் தட்டிப் பார்த்தேன், கடைக்குப் பொறுப்பாயிருந்த பெண்மணியும் வந்து தட்டிப் பார்த்தார். அது செத்துவிட்டது என்று முடிவுசெய்தோம். பழுதான சாமானை விற்பதில்லை, குப்பைக்குத்தான் அனுப்புவோம்.

"எடுத்துக்கொண்டு போ. உனக்கு வீட்டில் கொஞ்சம் சத்தம் இருந்தால் நல்லது" என்றார் அவர். என் வீட்டில் சத்தமில்லை என்று நான் அவரிடம் சொன்னதில்லை. எப்படித் தெரிந்ததோ.

தட்டின்மேல் ஒரு இசைத்தட்டு இருந்தபடியே வந்திருந்தது. சொந்தக்காரர் கடைசியாகக் கேட்டதாக இருக்க வேண்டும். அதன் உறையும் கூட இருந்தது, ஓரம் கிழிந்து. உறையில் ஐந்து கறுப்பு அமெரிக்கர்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி வான நீலக் கோட்டு. நான்கு பேர் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். ஐந்தாவது ஆள் கொஞ்சம் தள்ளி, ஒரு கையை நீட்டியபடி நிற்கிறார். யாரையோ மறிப்பவர் போல.

மாலை வேலையால் வந்து, அதைச் சுவரோரம் வைத்து, ஊசியை இறக்கினேன்.

மிக மெதுவான பாட்டு. யாரோ களைத்துப்போய் மாடிப்படி ஏறுவது போல மேள அடி விழுந்தது. பின்னால் வயலின்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருவரும் பாடவில்லை. பிறகு நான்கு ஆண்குரல்கள் சேர்ந்து, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியது போல, மெல்லச் சொன்னார்கள்.

"ஓ…ம்."

பிறகு பேசாமல் இருந்தார்கள். அடி மட்டும் விழுந்துகொண்டிருந்தது. திரும்பவும், "ஓ…ம்." கொஞ்சம் பொறுத்து, அவசரமாக, "ஓம், ஓம்." ஓரிடத்தில் குரலை உயர்த்தி, அப்படியா என்று கேட்பது போல, "ஓம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எந்த நாட்டிலோ எந்தக் காலத்திலோ பாடியவர்கள், எங்கடை ஆட்களைப் போலவே ம் கொட்டுகிறார்கள். உறையை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். நான்கு குரல் கேட்கிறது, ஐந்து பேர் நிற்கிறார்கள். அந்தத் தள்ளி நிற்பவர் சும்மா நிற்கிறார் போலும் என்று நினைத்தேன். எங்கள் விளையாட்டுக் கழகத்துப் படங்களிலும் அப்படி ஒருவர் இருப்பார். வலை கட்ட வரமாட்டார், கதிரை தூக்க வரமாட்டார், படம் எடுக்கும்போது முன்னுக்கு வந்து நிற்பார்.

அடுத்த நாளும் போட்டேன். அதற்கடுத்த நாள், உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது, பாட்டின் நடுவே என்னையறியாமல் வாய் திறந்து கதைத்தேன்.

"இண்டைக்கு ஒருத்தர் பெட்டி நிறையக் கரண்டி கொண்டுவந்தவர்."

"ஓ…ம்."

"ஒரு முள்ளுக்கரண்டிகூட இல்லை. முழுக்கச் சூப்புக் கரண்டி."

"ஓம், ஓம்."

"அந்த வீட்டிலை என்னத்தைத்தான் சாப்பிட்டிச்சினமோ!"

"ஓம்?"

பிள்ளைகளே, நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள். எனக்கும் அது விசர்க் கதை என்று தெரியும். ஆனால் இடம் அவ்வளவு சரியாக இருந்தது. நான் ஒரு வசனம் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் அவர்கள் பேசாமல் நிற்பார்கள். முடித்தவுடன் ஓம் சொல்வார்கள். ஒருதடவையும் என்னை இடையில் வெட்டவில்லை. கார்த் திறப்பை எடுக்கவில்லை.

பாட்டின் நடுவில் ஒரு நீளமான இடம் உண்டு. வயலின் நிற்கும், அடி மெதுவாகும், நான்கு பேரும் வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று மட்டும் இழுப்பார்கள். அந்த இடத்தில் கரண்டிக் கதை சொல்ல மனம் வராது. அந்த இடத்தில் நான் சொன்னது பெரும்பாலும் ஒன்றுதான். "பிள்ளை இந்தக் கிழமையும் வரேல்லை."

"ம்ம்ம்."

எனக்குப் பக்கத்து வீட்டில் ஒரு தம்பி இருந்தார். தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்தவர், நல்ல பிள்ளை. ஒருநாள் லிஃப்டில் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"அண்ணே, தினமும் சாயந்திரம் பூஜை பண்றீங்களா?"

"பூசையோ? நானோ? ஏன் தம்பி?"

"இல்ல, ஓம் ஓம்னு ஒரு குரூப்பா பாடுறது சுவத்துல கேக்குது. நடுவுல நீங்க ஏதோ மந்திரம் சொல்றீங்க. எங்க அம்மாகிட்ட சொன்னேன், அவங்களுக்கு அவ்ளோ சந்தோஷம். நார்வேல பக்கத்து வீட்டுலயே பஜனை நடக்குதுன்னு."

"ஐயோ, அது பூசை இல்லைத் தம்பி. நான் வேதக்காரன்."

அவர் கண்களை அகல விரித்தார். "வேதம்லாம் படிச்சிருக்கீங்களாண்ணே?"

எங்கள் ஊரில் வேதக்காரர் என்றால் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், அங்கே நடக்கும் திருப்பலியைத்தான் நாங்கள் பூசை என்போம். அதை அவருக்கு விளங்கப்படுத்துவதற்குள் எட்டாம் மாடி வந்துவிட்டது. "எங்கடை பக்கத்திலை ஓம் எண்டா ஆமா எண்டு அர்த்தம், விளங்கிச்சோ?" என்றேன் அவசரமாக.

"ஆமாண்ணே."

"ஓம், அதுதான்."

அவர் இன்னொருமுறை கைகூப்பிவிட்டுப் போனார்.

ஒரு புதன்கிழமை மகள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் முந்தி எடுத்துவிட்டாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த மறந்து தொலைபேசியை எடுத்துவிட்டேன்.

"அப்பா, ஆரது அங்கை?"

"ஒருத்தருமில்லையே."

"பொய். ஆக்களின்ரை சத்தம் கேக்குது. ஆரும் வந்திருக்கினமோ?"

அவளுடைய குரலில் இருந்தது என்னவென்று எனக்கு அப்போது விளங்கவில்லை. என் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அவளுக்குச் சந்தோஷமா கவலையா என்று தெரியவில்லை. நான் பகிடியாக, "நாலு பேர் வந்திருக்கினம். நான் சொல்லுறதுக்கெல்லாம் ஓம் சொல்லுகினம்" என்றேன். தொலைபேசியை ஸ்பீக்கர்ப் பெட்டிக்குக் கிட்டப் பிடித்தேன்.

பாட்டு முடியும்வரை கேட்டாள். பிறகு, "அப்பா, இது என்ன பாட்டு? உறையிலை என்ன எழுதியிருக்கு? எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கோ" என்றாள். சொன்னேன். அன்று அவள் அதற்குமேல் கதைக்கவில்லை. ஆனால் அடுத்த புதன்கிழமை, நான் சாப்பிட்டியோ என்று கேட்பதற்கு முன்பே, "கூரிலை பாடுறதுக்கு அந்தப் பாட்டை எடுத்திட்டினம் அப்பா! நான்தான் கொண்டுபோய்க் காட்டினனான்" என்றாள். அவளுக்குப் பின்வரிசையில் பாட்டாம். பின்வரிசை பாடுவதைப் பழகுவதற்கு வேறெங்கும் வசதி இல்லையாம். "எங்கை கேட்டாலும் முன்னுக்குப் பாடுறவரின்ரை சத்தம் மூடிப்போடும். உங்கடை பெட்டியிலை மட்டும்தான் பின்னுக்குப் பாடுறது தனியாக் கேக்குது. ஞாயிற்றுக்கிழமை வரட்டோ?"

முன்னுக்குப் பாடுறவரா? அவர் யார் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. வரட்டோ என்று கேட்கிறாளே, அதற்குப் பதில் சொல்வதுதான் அவசரம். "ஓம் பிள்ளை, வா, வா" என்றேன்.

ஞாயிறு பூசை முடிந்து ஓடிவந்து, அவளுடைய கட்டிலுக்கு மேலிருந்த கொடியை அவிழ்த்து, ஈர உடுப்பையெல்லாம் குளியலறைக்குள் திணித்தேன். வந்தாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது என் மூக்குக்கு நேரே அவள் நெற்றி. போன முறை தாடைக்கு நேரே இருந்தது.

பாட்டைப் போட்டேன். முதல் ஓம் வந்தது. அவள் சிரித்தாள்.

"அப்பா, இது ஓம் இல்லை. ஊ எண்டு பாடுகினம். சும்மா ஊ."

"கடைசியிலை ம் வருது, வடிவாக் கேள்."

"வரேல்லை."

"திரும்பப் போடுறன், கேள்."

கேட்டாள். தலையைச் சரித்து, கண்ணை மூடிக் கேட்டாள். "அய்யோ, இப்ப எனக்கும் ஓம் எண்டுதான் கேக்குது. உங்களாலைதான்!" என்று என் கையில் அடித்தாள். அவள் என்னை அடித்து எவ்வளவு காலமாயிற்று.

பிறகு சத்தம் வராத பெட்டியைக் காட்டி, இதற்கு என்ன நடந்தது என்று கேட்டாள். அது செத்துவிட்டது என்றேன். அவள் தட்டிப் பார்க்கவில்லை. பின்பக்கம் போய்க் குந்தியிருந்து, வயரைப் பிடித்து உள்ளே தள்ளினாள். பாதி வெளியே நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்போது ஐந்தாவது ஆள் வந்தார்.

பிள்ளைகளே, அதை எப்படிச் சொல்வது? எனக்குப் பழகிய பாட்டு, ஒவ்வொரு இடமும் எனக்கு மனப்பாடம். அதற்குள் நடுவீட்டில் ஒருவர் நின்று தொண்டை கிழிய அழுவது போலப் பாடுகிறார். சும்மா நிற்கிறார் என்று நான் நினைத்தவர், ஒரு நிமிடமும் சும்மா இருக்கவில்லை. எந்த இடத்திலெல்லாம் நான் கரண்டிக் கதை சொன்னேனோ, அந்த இடத்திலெல்லாம் அவர் இருந்தார். முழுநேரமும் இருந்திருக்கிறார். பழைய இசைத்தட்டுகளில் ஒரு பக்கப் பெட்டியில் ஒருவரையும் மற்றப் பெட்டியில் மற்றவர்களையும் பிரித்து வைப்பார்களாம். இந்த மாதிரிப் பாட்டுக்குச் சோல் என்று பெயராம், ஆன்மா என்று அர்த்தமாம். இப்படிப் பாடியவர்கள் பலர் சின்ன வயதில் தங்கள் கோயில்களில் பாடிப் பழகியவர்களாம், ஒருவர் கூப்பிட மற்றவர்கள் பதில் சொல்லி. மகள்தான் சொன்னாள். நாங்கள் கோயிலில் மன்றாட்டுச் சொல்லும்போதும் அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நீளமான இடம் வந்தது. "ம்ம்ம்" என்று நான்கு பேரும் இழுக்க, அவர் பாட்டை விட்டுவிட்டு, தாழ்ந்த குரலில் கதைக்கத் தொடங்கினார். எனக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது.

"என்ன சொல்லுறார் பிள்ளை?"

அவள் காதைப் பெட்டியோடு வைத்துக் கேட்டுச் சொன்னாள். "ஆரோ ஒராள் விட்டிட்டுப் போட்டினம். லைற்றை அணைக்காமல் வைச்சிருக்கிறாராம். சாப்பாடும் ரெண்டு பேருக்குத்தான் வைக்கிறாராம், பழக்கத்திலை. வருவியோ எண்டு கேக்கிறார்."

"பிறகு?"

"பிறகு ஒண்டுமில்லை. அதுதான் பாட்டு."

நான் முகத்தைக் குசினிப் பக்கம் திருப்பினேன் என்று நினைக்கிறேன். அவளுக்கு முன்னால் நின்று நான் அந்த இடத்தில் என்ன சொல்லிவந்தேன் என்பதை எப்படிச் சொல்வது. அவள் என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். எழும்பிப்போய் வயரைத் திரும்ப இழுத்துவிட்டாள். அந்த மனிதர் அரைச் சொல்லில் காணாமற்போனார்.

"இவர் கத்தினால் எனக்குப் பழகேலாது" என்றாள். "நீங்க கதையுங்கோ அப்பா. நீங்க முன்னுக்குப் பாடுறவர் எண்டு வைப்பம். நான் பின்னுக்கு."

"நான் என்னத்தைக் கதைக்கிறது?"

"ஒவ்வொரு நாளும் கதைக்கிறதை."

கதைத்தேன். வேலைக்கு வந்த கிளிக்கூட்டைப் பற்றிச் சொன்னேன். வேதக்காரன் கதையைச் சொன்னேன், அதற்கு அவள் சிரித்ததில் இரண்டு ஓம் தவறிப்போனது. அந்த நான்கு பேரோடு ஐந்தாவதாக அவள் குரலும் சேர்ந்து எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. நீளமான இடம் வந்ததும் துணிந்து கேட்டேன். "விடுமுறைக்கு வருவியோ?"

"ம்ம்ம்" என்று பாடினாள். பாட்டு முடிந்ததும், "அது கணக்கிலை வராது அப்பா, அது பாட்டு" என்றாள். தோழி வீட்டாரும் தங்கள் ஹித்தவுக்கு வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்களாம். ஹித்த என்றால் மலையில் மரத்தால் கட்டிய விடுமுறை வீடு. "பாப்பம்" என்று மெல்லச் சொன்னாள்.

அடுத்து வந்த புதன்கிழமை அவள் கோபமாக எடுத்தாள். கூர் நடத்தும் ஆசிரியை பாட்டை நிறுத்திவிட்டு, பின்வரிசையில் யாரோ வாயை மூடுகிறீர்கள், ஊவுக்குப் பின்னால் ஒரு ம் கேட்கிறது, யார் அது என்று கேட்டாராம். "நான்தான் எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. உங்களாலை!" என்றாள். எனக்குக் கவலைப்படுவதா மகிழ்வதா என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "பறவாயில்லை," என்றாள், "அந்த ரீச்சருக்கு ஓம் தெரியாதுதானே."

விடுமுறைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஹவுகன்ஸ்டுவாப் பக்கம் ஒரு மண்டபத்தில் அவர்கள் பாடினார்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். அவளுடைய அம்மா முன்வரிசையில். திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார், நானும் அசைத்தேன். முன்னால் ஒரு பெண்பிள்ளை நின்று பாடினாள், நல்ல குரல். ஆனால் நான் பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவது ஆளைத்தான் பார்த்தேன். வாயை நன்றாக வட்டமாகத் திறந்து, ஆசிரியை சொன்னபடி, கடைசிவரை மூடாமல் பாடினாள். சுத்தமான ஊ. ம் எங்கும் இல்லை. நான் தேடித்தான் பார்த்தேன்.

முடிந்ததும் வெளியில் வந்தாள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. பேருந்துத் தரிப்பிடம்வரை என்னோடு நடந்தாள்.

"அப்பா, நான் ஹித்தவுக்குப் போறன்."

"சரி பிள்ளை."

"கோவமோ?"

"இல்லை."

"கவலையோ?"

நான் மூச்சை உள்ளே இழுத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, நெஞ்சு தானாக இழுத்தது. அவள் அதைக் கேட்டாள். அவள் அந்தப் பாஷையில் வளர்ந்தவள், அவளுக்கு அது கேட்கும். என் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, பேருந்து வரும்வரை விடவில்லை.

விடுமுறைக் கிழமையில் வெஸ்ட்லியே வெறுமையாக இருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பியும் எங்கோ போயிருந்தார். செவ்வாய்க்கிழமை வேலையால் வந்து, இசைத்தட்டுப் பெட்டியின் பின்னால் குந்தியிருந்து, அந்த வயரை நானே உள்ளே தள்ளினேன். ஏன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. அந்த மனிதரை இவ்வளவு நாளாக வெளியில் நிறுத்திவிட்டு அவருடைய இடத்தில் நான் கதைத்துக்கொண்டிருந்தேனே என்று இருந்தது. அவர் பாடட்டும் என்று விட்டுவிட்டு, நான் உருளைக்கிழங்கு சீவினேன். அவர் வருவியோ என்று கேட்கும் இடத்தில், என் வாயிலும் ஒரு ம் வந்தது.

அப்போது தொலைபேசி அடித்தது. புதன்கிழமை இல்லை, செவ்வாய்.

"அப்பா, ஆர் கத்துறது? ஐஞ்சாவது ஆளோ?"

"ஓம். பாவம், உள்ளுக்கு விட்டிட்டன்."

அவள் சிரித்தாள். அந்தப் பக்கத்தில் விறகு வெடிக்கும் சத்தமும் பிள்ளைகளின் இரைச்சலும் கேட்டன. "சரி, சொல்லுங்கோ. இண்டைக்கு என்ன வந்தது வேலைக்கு?"

"இண்டைக்கோ? ஒரு ஆள் பனியிலை சறுக்குற கட்டை கொண்டுவந்தவர்."

ஒரு சத்தமும் இல்லை. மலையில் லைன் பிடிப்பது குறைவு, போய்விட்டது என்று நினைத்தேன். லைனிலை நிக்கிறியோ என்று கேட்க வாயெடுத்தேன்.

"ஓம்," என்றாள் மகள். சத்தமாக, வாயைத் திறந்து, கடைசியில் நன்றாக மூடி. "ஓம் அப்பா. பிறகு?"

"ஒரு சோடி இல்லை. ஒரு கட்டைதான்."

"ஓம்."

அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் சிரிப்பது கேட்டது. யாரோ ஒருத்தி நோர்வேஜிய மொழியில், நீ என்ன தியானமா செய்கிறாய் என்று கேட்டாள். என் மகள் தொலைபேசியைப் பொத்தாமலே பதில் சொன்னாள். "இல்லை. அப்பா கதைக்கிறார், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

பிறகு என்னிடம், "மற்றக் கட்டைக்கு என்ன நடந்ததாம்?" என்றாள்.

எனக்கு அது தெரியாது. ஆனாலும் சொல்லத் தொடங்கினேன்.